உனக்கு அனுப்பாத பத்தி

மகனே,

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்தால் நீ அந்த இடத்திலேயே கடிதத்தை மடித்துவிடுவாய். என் கையெழுத்தில் சுகம் என்ற வார்த்தையை இனி நீ நம்பப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் அதை விட்டுவிட்டேன். எல்லோரும் என்று சொல்லவும் இந்த வீட்டில் ஆள் இல்லை, நான் ஒருவன்தான். முழங்கால் மடங்க மறுக்கிறது, வலக்கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, ஷாப்பில் முதலாளி சாயபு பார்த்துவிட்டு என் மேஜையை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போடச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் உன் அம்மாவுக்கு வருஷத் திதி. நீ வருவாயோ, ரங்கூனிலேயே கொடுத்துவிடுவாயோ, தெரியவில்லை. அம்மா காரியம் முடிந்து திரும்பிப் போனதிலிருந்து நீ எனக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை. தபால்காரரிடம் "கப்பல் தபால் எங்கியாவது தவறிப்போயிருக்கும்" என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அவரும் "ஆமாங்க ரைட்டரே, கப்பல் சமாசாரம்" என்கிறார். பாவம், அவருக்கும் விஷயம் தெரியும்.

கருமாதி முடிந்த மறுநாள் ஆம்பூர் ஸ்டேஷனில் நீ என்னை ஒன்று கேட்டாய். "ஒரே ஒரு வரி எழுதியிருந்தா வந்திருப்பேனே நைனா. எழுதறதே தொழிலா வெச்சிருக்கீங்க, அந்த ஒரு வரி ஏன் எழுதல?" நான் உன் படுக்கையைத் தூக்கி வண்டிக்குள் வைத்தேன். கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய், வண்டியும் நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். கேள்வி சின்னது, பதில் நீளம். நடுவில் கோபம் வந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் உட்கார். பாதியில் மட்டும் நிறுத்தாதே.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன், காரணம் இருக்கிறது. தோல் ஷாப்பில் நான் தோலைத் தொட்டவன் இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர்கள் வேறு, ஆவாரம் பட்டை இடிக்கிறவர்கள் வேறு. பதனிட்ட தோலைப் பற்றி மெட்ராஸ் மண்டிக்கும் லண்டன் ஏஜெண்டுக்கும் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற ரைட்டர் நான். நீ பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் ஒரு சரக்கு லண்டனில் போய் இறங்கி, உப்புக்கறை இருக்கிறது, திருப்பி அனுப்புகிறோம் என்று கடிதம் வந்தது. சாயபு என்னைக் கூப்பிட்டு, "ரைட்டரே, இன்னா எழுதுவீங்களோ எழுதுங்க. பொய் வேணாம், அல்லா பாத்துக்கினு இருக்கான். ஆனா சரக்கு திரும்பி வரக்கூடாது" என்றார். நான் பொய் எழுதவில்லை. தோலின் மிருதுவைச் சொன்னேன், அந்தப் பருவத்துப் பட்டையின் நிறத்தைச் சொன்னேன், வழியில் பெய்த மழையைச் சொன்னேன், கறையை ஒரு வாக்கியத்தின் பின்பாதியில் மெல்ல நுழைத்தேன், உடனே அடுத்த சரக்குக்குப் போய்விட்டேன். சரக்கு திரும்பி வரவில்லை. சாயபு எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது, எதை விட்டுவிட்டு, விட்ட தடம் தெரியாமல் பூசுவது, இதுதான் இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போட்ட வித்தை. அந்தக் கடிதத்தின் நகலை உனக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். நீயும் கைதட்டினாய்.

அப்புறம் நீ வேலூர் காலேஜில் சேர்ந்தாய். ஹாஸ்டலில் உன்னைக் கண்டால் "ஆம்பூர் வந்துட்டான், ஜன்னலத் திற" என்று சொல்வார்களாமே, அதை நீ எங்களிடம் சொல்லவில்லை, உன் கட்டுரைதான் சொல்லிற்று. காம்போசிஷன் வகுப்பில், படிக்கிறவனை ஒப்புக்கொள்ள வைக்கும்படி ஒரு வாதம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். தோல் ஷாப்புகள் ஆற்றங்கரையில் இருக்கலாமா என்று நீயே தலைப்பு எடுத்துக்கொண்டு, இருக்கலாம், இருந்தே ஆகவேண்டும் என்று எரிச்சலோடு எழுதித் தள்ளியிருந்தாய். எத்தனை குடும்பம் பிழைக்கிறது, சீமையில் துரைமார் போடுகிற பூட்ஸ் யார் தயவு, மூக்கைப் பிடிக்கிறவன் காலில் இருப்பது என்ன என்றெல்லாம் வெளுத்து வாங்கியிருந்தாய். எனக்குப் புல்லரித்தது. வாத்தியார் அதைச் சிவப்பு மையால் நிறைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'உன்னோடு முன்பே ஒத்துப்போகிறவனுக்கு எழுதியிருக்கிறாய். ஒத்துப்போகாதவன் எங்கே? அவன் வாயால் அவன் கட்சியைச் சொல். அவனே படித்து, ஆமாம், இதுதான் நான் நினைப்பது என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு உன் பதிலைச் சொல்' என்று அடியில் எழுதியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாய், "நைனா, தோல் ஷாப்பு வேணாம்னு சொல்றவங்க இன்னா சொல்லுவாங்க?" நான் யோசித்துக்கொண்டிருந்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த உன் அம்மா, தலையை நிமிர்த்தாமலே, "நான் சொல்றேன், எழுதிக்கோ" என்றாள். நாம் இருவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"காத்தால எழுந்து கிணத்துல தண்ணி மொண்டா, மொதல்ல மோந்து பாக்கறேன். அப்புறந்தான் பானையில ஊத்தறேன். எந்த ஊர்லடா பொம்பளைங்க தண்ணிய மோந்து பாக்கறாங்க? சோளிங்கர்ல எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போறதுன்னா பட்டுப்புடவைய வேப்பிலை போட்டுத் தனியா கட்டி வெச்சு எடுத்துக்கினு போறேன். அங்க போய்க் கட்டிக்கினு பந்தியில உக்காந்தா, பக்கத்துல ஒருத்தி மூக்க தொட்டுக்கறா. எழுதிக்கினியா?" என்றாள். நீ பென்சிலை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "ஏன் நிறுத்திட்ட? இதையும் எழுது. அந்த ஷாப்பு இல்லைன்னா இந்த அடுப்பு எரியாது. அது எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பேஜார் படறேன்" என்று முடித்துவிட்டு அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவன் நான். அவள் தண்ணீரை மோந்து பார்ப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நீ எழுதியது வேறு கட்டுரை. ஷாப்புகள் இருக்கட்டும், ஆனால் கழிவுத் தண்ணீரைக் கிணறுகளுக்குப் பக்கத்தில் விடக்கூடாது, தனி வாய்க்கால் வெட்டி ஊருக்குக் கீழே கொண்டுபோக வேண்டியது முதலாளிகள் பொறுப்பு என்று எழுதினாய். சாயபு காதில் விழுந்தால் என்ன ஆவது? கறையைப் பின்பாதியில் போடேன், முன்னால் தொழிலைப் புகழ்ந்துவிட்டு மெதுவாகச் சொல்லேன் என்று என் வித்தையை எடுத்துவிட்டேன். "அது வாதம் இல்ல நைனா, அது மறைக்கிறது" என்றாய். உனக்குச் சோறு போட்ட வித்தைடா அது என்று கத்தினேன். நீயும் கத்தினாய். அன்று இருவரும் தட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தோம். உன் அம்மா சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காத்தால பழையது" என்றாள்.

மூன்றாவது தடவை எழுதியபோதுதான் நீ அம்மாவைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாய். வாசித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாய். வெடித்த கை, பட்டைத் தூசில் அவளுக்கு வரும் இருமல், வேப்பிலைப் புடவை எல்லாம் அதில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். உன் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த எடத்த எடுத்துடு" என்றாள். நீ, "அதுதாம்மா படிக்கிறவன் மனசத் தொடும்" என்றாய். "தொடும். தொட்டுட்டா அப்புறம் அவன் யோசிக்க மாட்டான். பாவம் பாத்து ஒத்துக்கறவன் நாளைக்கு மறந்துருவான். தண்ணியப் பத்தி எவ்ளோ வேணா எழுது. என்னைக் காட்டி ஜெயிக்காத" என்றாள். நீ இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாய். வாத்தியார் கெட்டிக்காரர், சரியாக அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, 'இங்கே ஏதோ குறைகிறது' என்று எழுதி அனுப்பினார். நீ அதைக் கொண்டுவந்து, "பாத்தியா, பாத்தியா" என்று அம்மா முகத்துக்கு நேரே ஆட்டினாய். அவள், "கொறையட்டும். நீ போய்க் கால் கழுவிட்டு வா" என்றாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ இப்போது ரங்கூனில் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்துகிறாய். எழுதியிருப்பதை மட்டும் திருத்தாதே. எதை எடுத்துவிட்டு வந்தாய், யார் எடுக்கச் சொன்னார்கள் என்று ஒவ்வொரு பையனையும் கேள். அந்த வாத்தியாருக்குத் தெரிந்தது, என் கடிதத்தைப் படித்தபோது உனக்குத் தெரியாமல் போய்விட்டது. உன்மேல் தப்பில்லை. நீ தைத்த இடம் பிரிந்து தெரியும். நான் தைத்தால் தெரியாது.

நீ மெட்ராஸில் பி.ஏ. முடித்துவிட்டு வந்து வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தை நினைத்துக்கொள். சாயபு பெரிய மனதோடு, "தம்பிய அனுப்புங்க ரைட்டரே, உங்க பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுடலாம்" என்றார். எனக்கு அதைவிட வேறு சந்தோஷம் வேண்டியிருக்கவில்லை. உன் அம்மா ஒரே பிடிவாதமாக நின்றாள். "அந்த ஸ்டூல்ல உக்காந்தா எழுந்திரிக்க மாட்டான்" என்பாள். "நான் உக்காரலியா, எனக்கு இன்னா கொறச்சல்?" என்று நான் கேட்டால் என் ஷாப்புச் சட்டையை எடுத்துக் கொல்லைக் கொடியில் தனியாகப் போடுவாள். அதுவே பதில் என்று எனக்குச் சுருக்கென்று தைக்கும். ரங்கூனிலிருந்து அந்த ட்யூட்டர் வேலைக்குத் தபால் வந்த அன்று அவள் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். நீ போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில், 'இங்கே யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்டு முகம் சுளிப்பதில்லை' என்று ஒரு வரி இருந்ததே, அதை மட்டும் அவள் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

நீ போன பிறகுதான் அவளுக்கு இருமல் ஜாஸ்தியானது. முதலில் கஷாயம், அப்புறம் நாட்டு வைத்தியர், கடைசியில் வேலூருக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டரம்மா அவளைப் பரிசோதித்துவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, நெஞ்சு இரண்டு பக்கமும் கெட்டுவிட்டது, மகன் தூரத்தில் இருந்தால் வரச்சொல்லிவிடுங்கள் என்றார். அந்த அம்மாள் மறைக்காமல் சொன்னார், நல்லபடியாகச் சொன்னார். நான் ரயிலில் வரும்போது உன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. காட்பாடி தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவனுக்கு எழுதாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

நான் எழுதினேன். அவள் பேச்சைக் கேட்காமல் எழுதினேன், இது உனக்குத் தெரியவேண்டும். முதலில் எழுதியது இரண்டு வரி, உடனே வா என்று. படித்துப் பார்த்தேன், பெரிய மனிதன் உத்தரவு போட்ட மாதிரி இருந்தது, உனக்கு என்ன ஏது என்று புரியாமல் கதிகலங்கும். கிழித்துவிட்டேன். அடுத்தது என் வித்தை. ரங்கூன் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, இங்கே சாயபு அந்த ஸ்டூலை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார், எனக்கும் கண் மங்குகிறது என்று சுற்றி வளைத்து உன்னை இழுக்கிற கடிதம். அம்மா உடம்பு அதில் ஒரு வாக்கியத்தின் பின்பாதியில் இருந்தது. எழுதி முடித்துப் பேனாவை வைத்ததும் உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது, அது வாதம் இல்ல நைனா என்று. வெட்கமாகப் போய்விட்டது. அதையும் கிழித்தேன்.

மூன்றாவதை உன் வகுப்பில் சொன்னபடி எழுதினேன். என்னோடு ஒத்துப்போகாதவன் நீ என்று வைத்துக்கொண்டு, உன் கட்சியை உன் வாயால் எழுதினேன். ஒரு வருஷம் முழுக்க இருந்தால்தான் உன் வேலை நிலைக்கும், நடுவில் மாதக்கணக்கில் விட்டு வந்தால் போய்விடும். இங்கே வந்தால் மறுபடியும் வேலை இல்லை, தெருவில் நின்று பதில் சொல்லமுடியாது. உன்னை யாரும் மூக்கைச் சுளித்துப் பார்க்காத இடம் உனக்கு இத்தனை வயதில் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. எல்லாம் எழுதினேன், எதையும் குறைக்கவில்லை. பக்கம் பக்கமாகப் போயிற்று. அதற்கெல்லாம் எதிராக என் பக்கத்துக்கு ஒரே ஒரு பத்தி, உன் அம்மாவின் நிலைமை. அது போதும் என்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஒரே நேர்மையான கடிதம் அதுதான். எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது, அந்தத் துக்கத்திலும். என்ன மனுஷன் நான்!

உனக்கு எழுதும் எந்தக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டாமல் ஒட்டியதில்லை, உனக்குத் தெரியும். கடைசியில் அவள் ஒரு வரி சொல்லுவாள், நான் எழுதுவேன். தலைக்கு எண்ணெய் வை, மழையில் நனையாதே, இப்படி. அன்று மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு அவளுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் படித்தேன். அந்தப் பத்தி இருந்த தாள் வந்ததும் அதைத் தாண்டி அடுத்த தாளைப் படிக்கத் தொடங்கினேன்.

"நடுவுல ஒண்ணு திருப்பினீங்களே. அதப் படிங்க."

"ஒண்ணுமில்ல, வானிலை எழுதியிருக்கேன்."

"வானிலைய நீங்க இத்தினி நேரம் எழுத மாட்டீங்க. படிங்க."

படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "அத எடுத்துடுங்க" என்றாள்.

"எடுத்தா அவன் வரமாட்டான்."

"தெரியுது. எடுங்க."

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. நோயாளி என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "கட்டுரையில உன்னைப் பத்தி எழுத வேணாம்னியே, அது கட்டுரை, மார்க்குக்கு எழுதினது. இது நிஜம். அவன் பெத்த தாயி நீ. அவனுக்குத் தெரிய வேணாமா?" என்றேன். அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள், நான் சேர்த்து எழுதுகிறேன்.

"வந்தா இன்னா பண்ணுவான்? பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருப்பான். நான் போய்ட்டேன்னா சாயபு நல்லவரு, அந்த ஸ்டூல எடுத்துப் போடுவாரு. நைனா தனியா இருக்காரேன்னு இவன் உக்காந்துருவான். நீங்களும் வேணாம்னு சொல்ல மாட்டீங்க. சொல்லுவீங்களா? என் முகத்தப் பாத்து சொல்லுங்க."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆசை எனக்கு இருந்தது, மகனே. அந்தக் கடிதத்தில் உன் கட்சியை எழுதினேன், அவள் நிலைமையை எழுதினேன். நீ வந்தால் திரும்பிப் போகமாட்டாய் என்ற என் நப்பாசையை மட்டும் எழுதவில்லை. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"நாளைக்கு அவன் என்னைக் கேப்பானே" என்றேன்.

"கேப்பான். அந்தக் கோவத்த நீங்க வாங்கிக்குங்க. எம்மேல வேணாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அப்புறம் நான் உட்கார்ந்து வேறு கடிதம் எழுதினேன். அதுதான் உனக்கு வந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் சளி, பட்டை இடிக்கிற காலம் அல்லவா, தூசு, கஷாயம் குடிக்கிறாள், நீ வேலையைப் பார் என்று எழுதினேன். என் கைத்திறமை முழுவதையும் அதில் காட்டினேன். லண்டன் ஏஜெண்டுக்குக்கூட நான் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. அவள் வரியாக, 'தலைக்கு எண்ணெய் வை' என்று சேர்க்கச் சொன்னாள். மறுநாள் காலை தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். "போட்டாச்சா?" என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள். கல்நெஞ்சுக்காரி என்று நீ நினைத்துவிடாதே என்பதற்காக இதைச் சொல்கிறேன். நான் தபாலாபீசுக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. உன் பதில் வந்தபோது அவளுக்கு இன்னும் நினைவு இருந்தது. ஷாப்புப் பக்கத்து ஜன்னலை மூடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அவள் சிரித்தாள். "நம்பிட்டான்" என்றாள்.

நினைவு தப்பியதும் அவளைக் கேட்காமல் நான் தந்தி கொடுத்தேன். கப்பல் தந்தியின் வேகத்தில் வருமா? நீ வந்து சேர்ந்தபோது வீட்டில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும்.

அவள் சொன்னபடி உன் கோபத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். இனி முடியவில்லை. செத்தவள்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நீ சொல்லலாம், சொல்லு. அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் என்றும் சொல்லலாம், அது வாஸ்தவம். அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. உன் வேலை நிலைத்துவிட்டது என்று ஊரில் ஒருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. நானும் போய்விட்டால் உனக்கு இதைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். அவள் உன்னைப் பார்க்க விரும்பாமல் போனாள் என்றோ, நான் உன்னை நினைக்காமல் இருந்தேன் என்றோ நீ வாழ்நாள் பூராவும் எண்ணிக்கொண்டிருப்பாய். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

இந்தக் கடிதத்தை நான் திருத்தவில்லை. எழுதியபடியே அனுப்புகிறேன், யாருக்கும் படித்துக் காட்டவும் ஆளில்லை. அந்த மூன்றாவது கடிதத்தை அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். ஆனால் எழுதியே பிழைத்தவன் நான், அந்தப் பத்தி ஒரு வார்த்தை தப்பாமல் எனக்கு நினைவிருக்கிறது. அது உனக்கு எழுதியது. உன்னிடம்தான் இருக்கவேண்டும். எழுதுகிறேன்:

அம்மாவுக்கு உடம்பு மிகவும் முடியவில்லை. வேலூரில் காட்டினோம். டாக்டரம்மா உன்னை வரவழைக்கச் சொல்லிவிட்டார். சோறு இறங்கவில்லை, கஞ்சிதான் கொடுக்கிறேன். எழுந்து உட்கார என் தோள் வேண்டியிருக்கிறது. பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடக்கிறாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மட்டும் விழித்துப் பார்க்கிறாள். நீ இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொள்கிறாள். உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று வாயால் சொல்கிறாள், அதை நீ நம்பாதே. வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா, கண்ணு. உன்னைப் பார்க்காமல் அவள் போகக்கூடாது. உடனே வா.